இதை யாரு திங்காவ?

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் என்னால் ஊருக்குள் கால் வைக்க முடிந்தது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி தன் கரையை மறந்துவிட்டு வந்தது. ஆறு கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் உட்கார்ந்திருக்கிற எங்கள் புன்னக்காயல் எங்கே ஓடி ஒளியும்? ரோடு அறுந்து, ஊர் தீவாகி, சனங்களைப் படகில் ஏற்றித்தான் கரை சேர்த்தார்கள். எழுபத்தெட்டு வயது அம்மாவையும் அப்படித்தான் ஏற்றினார்கள். "கடலுக்குப் போறவுக வீட்டுல பொறந்து, ஆத்துக்குப் பயந்து போட்டுல ஏறிட்டேன் பாத்தியா" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. பின்தாழ்வாரத்தில் மண்வெட்டி போட்டு இழுக்கும்போது 'டங்'கென்று ஒரு சத்தம். தோண்டினால் பழைய அலுமினிய அண்டா. ஒரு பக்கம் நசுங்கி, அடிப்பக்கம் கரி ஏறி, வாயில் இரண்டு பேர் பிடித்துத் தூக்குகிற காது. வெளியே பழைய இரும்பு வாங்குகிறவர் தட்டுமுட்டுச் சாமானை எடைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். உருட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன்.

"ஏல, அத எடைக்குப் போடாத" என்றாள் அம்மா, கட்டிலில் இருந்தபடியே.

"என்னத்துக்கும்மா இது? இருபது வருசமா ஒரு தண்ணி கொதிக்கல இதுல."

"அது அட்டை அண்டால்லா."

அட்டை என்றதும் காலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற அட்டையை நினைத்துவிடாதீர்கள். இது கடல் அட்டை. வெள்ளரிக்காய்க்கு உயிர் வந்து கடலின் அடியில் படுத்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். கண் கிடையாது. காது கிடையாது. ஒரு பக்கம் வாய், மறு பக்கம் வால். நாள் முழுக்க மணலைத் தின்று, அதிலுள்ள அழுக்கை எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலை வெளியே தள்ளும். வயலுக்கு மண்புழு செய்கிற வேலையைக் கடலுக்கு இது செய்கிறது. யாராவது தொந்தரவு செய்தால் தன் குடலையே வெளியே துப்பிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கும். அப்புறம் கொஞ்ச நாளில் புதுக் குடல் வளர்த்துக்கொள்ளும். பாவப்பட்ட ஜீவன்.

எங்கள் வீட்டில் 1970-களின் கடைசியிலிருந்து சோறு போட்டது இந்த ஜீவன்தான். அப்பா தூத்துக்குடித் தோணியில் வேலை. கொழும்பு, மாலத்தீவு என்று போனால் மாசக்கணக்கில் தபால் மட்டும்தான் வரும். தாய்மாமா சங்குக்குளி. அவர் சங்கெடுக்க முங்கும்போது கூடவே அட்டையும் அள்ளி வருவார். வல்லத்திலிருந்து நனைந்த சாக்கு இறங்கும். அதற்குப் பிறகு அம்மாவின் ராஜ்ஜியம்.

அந்தப் பக்குவத்தை நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

முதலில் வால் பக்கம் கத்தியால் சின்னதாக ஒரு கீறல். பெரிதாகக் கீறினால் விலை போச்சு. அந்தக் கீறல் வழியாகக் குடலைப் பிதுக்கி எடுத்துவிட்டு, கடல் தண்ணீரில் அலசி, அண்டாவில் கொட்ட வேண்டும். அண்டாவிலும் கடல் தண்ணீர்தான். உடைமர விறகு நின்று எரியும். ஒரு மணி நேரம் அவியும்வரை பனை மட்டையால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் அடியில் ஒட்டித் தோல் பிய்ந்துவிடும். அவிந்த அட்டை ரப்பர் மாதிரி துள்ளும். 

அதை அப்படியே காயப்போட்டால் ஒருத்தன் வாங்க மாட்டான். தோலின் மேலே சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவம் இருக்கும். தின்றால் பல்லில் நறநறக்கும். அதை எடுப்பதில்தான் தொழிலே இருக்கிறது. கரையோர ஈர மணலில் முட்டளவு குழி தோண்டி, அவித்த அட்டையைக் கொட்டி மூடி, மேலே ஈரச் சாக்கு போட்டு ஓர் இரவு புதைத்துவைக்க வேண்டும். மறுநாள் தோண்டினால் மேல்தோல் ஊறி அழுகியிருக்கும். நார்ப்பெட்டியில் அள்ளிப்போட்டு, கடல் தண்ணீர் ஊற்றிக் காலால் மிதிக்க வேண்டும். அது என் வேலை, தங்கச்சி வேலை. பள்ளிக்கூடம் போகுமுன் மிதித்துவிட்டு, எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வாடை போகாது. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பித்தது ஞாபகம் இருக்கிறது.

மிதித்துச் சுண்ணாம்பு போனதும் இன்னொரு அவிப்பு. பிறகு மூன்று நாலு நாள் வெயில். பனை ஓலைப் பாயில் வரிசையாகப் பரப்பி, நேரத்துக்கு நேரம் புரட்டி, சாயங்காலப் பனி இறங்குமுன் அள்ளிவிட வேண்டும். ஒரு நாள் மேகம் போட்டால் அம்மா முகத்திலும் மேகம் போடும். ஈரம் கொஞ்சம் நின்றால்கூடப் பூசணம் பிடித்துவிடும். பத்துக் கிலோ பச்சை அட்டை காய்ந்து முடிந்தால் ஒரு கிலோகூடத் தேறாது. காய்ந்துவிட்டதா என்று அம்மா பார்க்கிற விதமே தனி. இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுவாள். 'டக் டக்'கென்று விறகுக் கட்டை மாதிரி கேட்டால் சரி. 'தப் தப்'பென்று கேட்டால் மறுபடி பாய்க்கு.

கனடாவில் இருக்கிற என் சித்தி மகன் ஒருதரம் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் வீட்டுக் குப்பைத் தொட்டிக்குள், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு ரக்கூன் என்ற பிராணி, திருடன் மாதிரி நிற்கிறது. "ஒரு காலத்துல இதோட தோலுக்கு ஏக மவுசாம்ணே" என்றான். அப்புறம் அந்தக் கதையைத் தேடிப் படித்தேன். வேட்டைக்காரர்கள் தோலை உரித்து, ஒட்டியிருக்கிற கொழுப்பையெல்லாம் மழுங்கிய கத்தியால் வழித்து, பலகையில் இழுத்து மாட்டி, குளிர்ந்த காற்றோட்டமான இடத்தில் காயவைப்பார்களாம். அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் கொழுப்பு உருகித் தோல் வீணாகும். கொழுப்பை மிச்சம் விட்டாலும் வீண். சரியாகக் காய்ந்த தோலுக்கு ஒரு விலை, சரியாகக் காயாததற்கு ஒரு விலை. 1920-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அந்தத் தோலில் தைத்த நீள அங்கியைப் போட்டுக்கொண்டு திரிவதுதான் ஃபேஷன். சில வருஷம் கழித்து ஃபேஷன் மாறியது. பனியில் நின்று கொழுப்பு வழித்தவர்களில் எத்தனை பேர் அந்த அங்கியைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்? படித்துக்கொண்டே வந்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பனை ஓலைப் பாய்தான் கண்ணில் நின்றது. அங்கே ஆணியடித்த பலகை. இங்கே ஓலைப் பாய்.

எங்கள் வீட்டிலும் அட்டையை ஒருவரும் வாயில் வைத்தது கிடையாது. அம்மா அடிக்கடி கேட்பாள்: "இதை யாரு திங்காவ?"

மாசம் ஒருதரம் வருகிற வியாபாரி பாய் சிரிப்பார். "சீனாக்காரன் திங்கான் தங்கச்சி. சிங்கப்பூர் போயி, ஹாங்காங் போயி, கல்யாணப் பந்தியில போடுதான். நாமளும் தின்னது கெடையாது. நமக்கு எதுக்கு? துட்டு வந்தாச் சரி."

ஐந்நூறு வருஷத்துக்கு முன் எங்கள் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியரும் இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். 'பிச்சோ டோ மார்', அதாவது கடல் புழு. அவர்களிடமிருந்து எங்கள் ஊர் மாதாவை வாங்கிக்கொண்டது, பெர்னாண்டோ, கோமஸ் என்று பெயர்களை வாங்கிக்கொண்டது. புழுவைத் தின்கிற பழக்கத்தை மட்டும் யாரிடமிருந்தும் வாங்கவில்லை. சீனாக்காரர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயர் 'கடல் ஜின்செங்'. ஜின்செங் என்றால் அவர்களுக்கு உயிர் காக்கிற மூலிகை வேர். ஒரே பிராணி, ஒருத்தருக்குப் புழு, ஒருத்தருக்கு மூலிகை, எங்களுக்கு பீஸ் கட்டுகிற காசு.

1982-ல் அரசாங்கம் ஒரு விதி போட்டது. காய்ந்த அட்டை 75 மில்லிமீட்டர், அதாவது மூன்று இஞ்சுக்குக் குறைந்தால் கப்பலேற்றக் கூடாது. பாய் ஒரு சின்ன மரக்குச்சியில் கோடு கிழித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். தரம் பிரிப்பது என் பொறுப்பானது. குச்சிக்கு எட்டாதது ஒரு பக்கம், எட்டியது சாக்குக்குள்.

நான் ஏழாவது படிக்கையில் பள்ளிக்கூடத்தில் கன்னியாகுமரிக்கு எக்ஸ்கர்ஷன். சாக்கு நிறையவில்லை. அம்மாவிடம் கேட்டால் இல்லை என்பாள் என்று தெரியும். யாருக்கும் தெரியாமல் குச்சிக்கு எட்டாத சின்னதுகளில் நாலைந்து கை அள்ளிச் சாக்கின் அடியில் போட்டுவிட்டேன். பாய் பழம் தின்று கொட்டை போட்டவர். சாக்கை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார். சின்னதெல்லாம் மேலே வந்து உட்கார்ந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். "தங்கச்சி, தெரியாமக் கலந்துட்டு போல. பொறுக்கிருங்க" என்று மட்டும் சொன்னார்.

அம்மா அடிக்கவில்லை. பாய் போன பிறகு அந்தச் சின்னதுகளை மடியில் கட்டிக்கொண்டு, என்னைக் கரைக்கு நடத்திக் கொண்டுபோனாள். மடியை அவிழ்த்து என் கையில் ஒன்றைக் கொடுத்தாள். என் நடுவிரல் நீளம்கூட இல்லை.

"இது உசிரோட கெடந்திருந்தா அடுத்த வருசம் எம்புட்டு ஆயிருக்கும்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இப்பக் கடல்ல போட்டா வளருமால?"

அதற்கும் நான் பேசவில்லை. எல்லாவற்றையும் அலையில் எறிந்துவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். அன்றைக்கு அவள் கோபம் என்மேல் என்றுதான் நினைத்தேன். ராத்திரி மாமாவிடம் அவள் சண்டை போட்டபோதுதான் விஷயம் விளங்கியது.

"சின்னத எடுக்காத, அங்கயே விட்டுட்டு வா."

"நான் விட்டா, பின்னால வாறவன் எடுப்பான்க்கா. அவன் விட்டா அடுத்தவன். நான் மட்டும் எதுக்கு விடணும்?"

மாமா சொன்னதில் பொய் இல்லை. கடல் கெட்டதும் அதே வார்த்தையால்தான். ஓடத் தெரியாத, ஒளியத் தெரியாத பிராணி அது. பார்த்தவன் கையில் பழம் மாதிரிப் பொறுக்கிவிடலாம். ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்து, தண்ணீரில் விடுகிற விந்தும் முட்டையும் சேர்ந்தால்தான் குஞ்சு. அங்கொன்றும் இங்கொன்றுமாக மிச்சம் இருந்தால் இருந்தும் பிரயோசனமில்லை. 1988-ல் தூத்துக்குடி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் டி.பி. ஜேம்ஸும் கூட்டாளிகளும் தொட்டியில் வைத்தே வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். உலகத்திலேயே அதுதான் முதல் முறை. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் அந்தக் குஞ்சு எங்கள் கரை வீடுகளுக்குப் பிழைப்பாக வந்து சேரவில்லை.

கரையோரத்தில் அட்டை தீரத் தீர, மாமா ஆழத்துக்குப் போனார். மூச்சடக்கி முங்கின மனுஷன், கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு முங்க ஆரம்பித்தார். ஆழத்தில் அதிக நேரம் நின்றுவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? 1996-ல் ஒரு நாள் மேலே வந்தவர், "காலு மரத்துப்போச்சுல" என்றார். அந்தக் கால் அப்புறம் முழுசாகத் திரும்பவே இல்லை. கோயில் திண்ணையில் கம்பை ஊன்றி உட்கார்ந்திருக்கும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கடலில் யார் யாரைப் பொறுக்கினார்கள் என்று யோசிப்பேன்.

2001-ல் ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. கடல் அட்டை அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. புலி, யானை உட்கார்ந்திருக்கிற பட்டியல். பாய் வந்து, காய்ந்துகொண்டிருந்த பாயைப் பார்த்துப் பதறிப்போய்ச் சொன்னார்: "தங்கச்சி, இதை ஒடனே இல்லாம ஆக்கிருங்க. வச்சிருந்தா ஜெயிலு."

அம்மாவுக்குப் புரியவே இல்லை. "நேத்து வரைக்கும் தொழிலு. இன்னைக்குத் திருட்டா?"

பாயில் கிடந்ததை முந்தானையில் அள்ளி மணலில் குழி வெட்டிப் புதைத்தாள். இந்தத் தடவை தோண்டி எடுக்கவில்லை.

தடை சரியா தப்பா என்று கேட்டால், சரி என்றுதான் என் வாயில் வரும். அந்தச் சின்னதுகளை என் கையாலேயே கலந்தவன் நான். ஆனால் தடை போட்டவர்களில் ஒருவராவது, இருபது வருஷமாக இதே வேலை பார்த்த பொம்பளைகள் நாளைக்கு எதை அவிப்பார்கள் என்று கேட்டிருக்கலாம். ஏற்றுமதி பண்ணியவர்கள் வேறு சரக்குக்கு மாறினார்கள். அம்மா கருவாட்டுக்கு மாறினாள். கருவாட்டில் கிடைத்தது அட்டையில் கிடைத்ததில் பாதிகூட இல்லை. அக்கரையில் இலங்கையில் இன்றைக்கும் உரிமம் வாங்கி அட்டை பிடிக்கிறார்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கம் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். இக்கரையில் மூட்டையோடு மாட்டுகிறவர்கள் செய்தி வாரத்துக்கு ஒன்று வருகிறது. இடையில் இருப்பது ஒரே கடல்தான். அட்டைக்கு எல்லைக்கோடு தெரியாது.

2006-ல் வேலை விஷயமாகச் சிங்கப்பூர் போயிருந்தேன். சைனா டவுனில் ஒரு மருந்துக்கடை. வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஒரு ஜாடியைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது. அட்டை! தரம் பிரித்து, அளவுவாரியாக, நகைக்கடை மாதிரி அடுக்கியிருந்தார்கள். விலைச்சீட்டை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தப்பாகப் பெருக்கிவிட்டோமோ என்று மறுபடி போட்டேன். கடைக்கார அம்மாளிடம் சைகையில் கேட்டு, இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினேன்.

'டக் டக்.'

அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. விவரம் தெரிந்த ஆள் வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பாள்.

அன்றைக்கு ராத்திரி ஒரு சீன ஓட்டலுக்குப் போய் அதைச் சொன்னேன். காளானோடு சேர்த்து, கறுப்புச் சாற்றில் மினுமினுவென்று வந்தது. ஒரு துண்டு வாயில் வைத்தேன். உடனே வீட்டுக்குப் போன்.

"யம்மா, அட்டை தின்னேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "எப்பிடில இருக்கு?"

"ருசின்னு ஒண்ணும் இல்லம்மா. நுங்கு மாதிரி வழுக்குது. ஊத்துன சாறு ருசிதான் அதுக்கும்."

"சுண்ணாம்பு இருக்கா? பல்லுல நறநறன்னுச்சா?"

"இல்லம்மா. சுத்தமா இருக்கு."

"அப்பம் நல்லா மிதிச்சிருக்காவ" என்றாள். எந்த ஊரிலோ எந்தப் பொம்பளையோ பார்த்த வேலைக்கு, இன்னொரு தொழிலாளி கொடுத்த சர்டிபிகேட். அதற்கப்புறம்தான் சிரித்தாள். "ருசியே இல்லாததுக்காடா இம்புட்டுப் பாடு பட்டோம்?"

மறுபடி அந்த வெள்ளத்துக்கு வருகிறேன். பழைய இரும்பு வாங்குகிறவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அண்டாவைத் திண்ணையில் கவிழ்த்துப் போட்டேன். பாதி வீடுகளில் அடுப்பே இல்லாததால் கோயில் வளாகத்தில் இன்னும் பொதுச் சமையல் நடந்துகொண்டிருந்தது. பாத்திரம் பத்தவில்லை என்று தெருத்தெருவாகக் கேட்டு வந்த பையன்கள் அண்டாவைப் பார்த்துவிட்டார்கள்.

"ஆச்சி, இதை எடுத்துக்கிடவா?"

"அட்டை அவிச்ச அண்டாவுலயா? மனுசன் திங்க முடியுமாய்யா?"

"அவிச்சதும் மனுசன் திங்கத்தான ஆச்சி?"

அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. புளியும் சாம்பலும் போட்டு மூன்று தடவை தேய்க்கச் சொன்னாள். தேய்த்ததை மோந்து பார்த்தாள். நசுங்கின இடத்தைக் கையால் தடவிவிட்டு, எடுத்துப் போகச் சொன்னாள்.

மத்தியானம் அவளைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். இருநூறு பேர் இருக்கும். பந்தியில் இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் அம்மா. அவள் அண்டாவில் பொங்கிய சோறும் பருப்பும் எல்லார் தட்டிலும் இருந்தது. அம்மா தன் தட்டைத் தொடாமல், வரிசையில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடும்மா" என்றேன்.

ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள்.

"உப்பு கொறையுது" என்றாள். "இந்த அண்டாவுல உப்பு கொறைஞ்சது இன்னைக்குத்தாம்ல."